அணில் கேட்டதா மிக்சர்?

சிங்காநல்லூரிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஏனுங் தம்பி, வீட்ல ஒரு பஞ்சாயத்து. நீங்கதான் தீர்ப்புச் சொல்லோணும்" என்றார்.

விஷயம் இதுதான். அவர் வீட்டுப் பொடக்காளியில் ஒரு கொய்யா மரமும் ஒரு முருங்கையும் இருக்கின்றன. மதில் மேல் தினமும் மூன்று அணில்கள் வருகின்றன. சாயந்திரம் நாலு மணிக்கு டீயும் மிக்சருமாகப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தால், அணில்களுக்கும் ஒரு கை மிக்சர், அரை பிஸ்கட். சம்சாரம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இதுதான் வழக்கம். ஒரு அணில் இப்போது கைக்கே வந்து வாங்கிக்கொள்கிறதாம். அதைச் சொல்லும்போது குரலிலேயே ஒரு சிரிப்பு தெரிந்தது.

போன வாரம் மருமகள் சொல்லியிருக்கிறார்: "மாமா, அதுக்கு உப்பு ஆகாது. பாசம்னு சொல்லிக் கொன்னுடாதீங்க."

"பாசமா வெக்கறதைப் போயிக் கொலைங்கறா... இது நாயமுங்களா?"

பெரியவருக்கு வலித்தது மிக்சர் விவகாரம் அல்ல. அந்த ஒரு வார்த்தைதான். அவரிடம் நான் சொன்னதை அப்புறம் சொல்கிறேன். முதலில் மிக்சரை முடித்துவிடுவோம்.

நம் ஊர் மூவரி அணில் ஒன்றின் எடை நூறு கிராம் சொச்சம். அரை பிஸ்கட்டை ஐந்து கிராம் என்று வையுங்கள். அதன் உடம்பில் இருபதில் ஒரு பங்கு. அறுபது கிலோ ஆசாமி ஒருவர் ஒரே உட்காரலில் மூன்று கிலோ பிஸ்கட் சாப்பிட்ட கணக்கு! நமக்கு 'ஒரு கை'யாகத் தெரிவது அதற்கு ஒரு மூட்டை. மிக்சரில் இருக்கும் உப்பு, மிளகாய்த்தூள், திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் எல்லாம் இதே கணக்கில்தான் அந்தச் சின்ன உடம்புக்குள் போகின்றன. மருமகள் சொன்னதில் தப்பில்லை.

பல் சமாச்சாரம் வேறு இருக்கிறது. அணில் ஒரு கொறிணி. எலி, முயலைப் போல அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கொட்டை, ஓடு, மரப்பட்டை என்று எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் அளவோடு இருக்கும். பிரெட்டும் பிஸ்கட்டும் வாயில் கரைந்துவிடும், பல்லுக்கு வேலையில்லை. வயிறு நிரம்பியதால் கொட்டையைத் தேடி அது அலைவதும் இல்லை.

சாக்லேட்டைக் குழந்தைகள் ஆசையாக நீட்டும். அதிலுள்ள தியோபுரோமின் என்கிற பொருள் நாய்க்கே ஆகாது. நூறு கிராம் உயிரிடம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். மரத்திலிருந்து விழுந்த குட்டிக்குப் பசும்பால் ஊற்றும் பழக்கமும் நம்மிடம் உண்டு. அதில் பெரும்பாலும் பேதியாகிப் போகும். குட்டிக்குக் காயம் இல்லையென்றால், விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் துணி விரித்து வைத்துவிட்டு, நாம் விலகி நிற்க வேண்டும். தாய் வந்து கவ்விக்கொண்டு போக நல்ல வாய்ப்பு உண்டு. நாம் சுற்றி நின்று 'ஐயோ பாவம்' சொல்லிக்கொண்டிருந்தால் அது வராது.

நிலக்கடலை? கொங்கு நாட்டுக்காரர்கள் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். நல்ல கடலை, உப்பில்லாதது, இரண்டு மூன்று என்றால் பாதகமில்லை. ஆனால் நாம் அணிலுக்குப் போடுவது பெரும்பாலும் எந்தக் கடலை? டப்பா அடியில் கிடந்து, ஈரம் ஏறி, நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கியது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. என்ன நோய் என்றே தெரியாமல் 'டர்க்கி எக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றது விசாரணை. அதில் பூத்த பூஞ்சையின் விஷத்துக்குத்தான் அஃப்ளடாக்சின் என்று பெயர் வந்தது. ஈரலைத் தின்கிற விஷம் அது. நமக்கு ஆகாது என்று தள்ளியதைச் சின்ன உயிருக்குப் போடுவதைத் தர்மம் என்று எப்படிச் சொல்வது? குப்பைக்கூடைக்குப் பதில் அணில், அவ்வளவுதான்.

வைப்பதானால் கொய்யாத்துண்டு, பப்பாளி, வெள்ளரி, கேரட், ஒரு சில்லுத் தேங்காய், ஊறவைத்த பயறு வைக்கலாம். எல்லாமே கொஞ்சமாக. ஆனால் அதன் சொந்த மெனு நம்முடையதைவிடப் பெரியது. விதை, மொட்டு, பூந்தேன், பட்டை, பூச்சி, சமயத்தில் குருவி முட்டைகூட. ஆமாம், நம் சாது அணில் முட்டை திருடும். இலவ மரம் பூத்தால் தேன் குடிக்கப் போய், அந்த மரத்துக்கு மகரந்தம் கடத்துகிற வேலையையும் செய்துவிட்டு வரும். கூலி தேன். சோறு போட்டு யாரும் வேலைக்கு வைக்கவில்லை.

சரி, பட்டியல் போதும். எதைக் கொடுக்கலாம் என்பது டாக்டர் சொல்லும் விஷயம். எதற்குக் கொடுக்கிறோம் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

பி.காம். முதல் வருஷத்தில் ஒரு விதி மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. கடையில் சரக்கு விற்றால் இது சுலபம். அணிலுக்கு மிக்சர் வைக்கிற கணக்கை எழுதிப் பாருங்கள். பெறுபவர் யார்? அணிலுக்குக் கிடைத்தது ஆகாத உப்பு. நமக்கு ஒரு சந்தோஷம், நம்மை நம்பி ஒரு உயிர் கை நீட்டுகிறதே என்ற பெருமை, செல்போனில் போட்டுக்காட்ட ஒரு வீடியோ. லாபம் பூராவும் நம் பக்கம். ஆனால் பேரேட்டில் எழுதுவது மட்டும் 'தர்மக் கணக்கு' என்று!

கோபப்படாதீர்கள். சந்தோஷப்படுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுவது, எறும்பு தின்னட்டும் என்று அரிசி மாவில் கோலம் போடுவது எல்லாம் நம் வீடுகளில் இருந்த நல்ல பழக்கங்கள். ஆனால் கவனியுங்கள். கோலமாவைப் போட்ட பாட்டி எறும்பைக் கூப்பிட்டுக் கையில் ஏற்றிக்கொள்ளவில்லை. போட்டாள், போய்விட்டாள். காக்காய்ச் சோறும் உப்புக் காரம் பார்த்துச் செய்த பண்டமல்ல. குழம்பு ஊற்றுவதற்கு முன்னால் எடுத்து வைத்த ஒரு பிடி வெறும் சோறு.

அணில் என்றதும் நமக்கு ராமர் பாலம் ஞாபகம் வரும். தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் அந்த அணிலைப் பாடிவிட்டார். வால்மீகியில் அது கிடையாது. ஆக, நம் பக்கத்துக்கு ரொம்பச் சொந்தமான அணில் அது. அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாக யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். அதில் ராமர் அணிலுக்கு ஒரு பருக்கைகூடப் போடவில்லை. கொடுத்தது அணில். தன்னால் ஆன மணலைச் சுமந்தது. ராமர் செய்ததெல்லாம் முதுகில் தடவியது மட்டும். நாம் அந்தக் கதையைத் தலைகீழாக்கி, நம்மை ராமராகவும் அணிலை யாசகனாகவும் ஆக்கிவிட்டோம்.

அந்த மூன்று கோடு அணிலுக்குச் செய்திருக்கும் உபகாரமோ கொஞ்சநஞ்சமல்ல. அது மட்டும் இல்லையென்றால் அதுவும் வாலில் முடி வைத்த எலிதான். அதே பெருச்சாளி பிள்ளையாருக்கு வாகனம். ஆனாலும் மளிகைக் கடையில் எலி கேக் வாங்கி வந்து, அதே மதிலின் அடியில் வைக்கிறோம். மதிலுக்கு மேலே வாழைப்பழம், கீழே விஷம். அதற்கு நடுவில் ஓடுகிற அணிலுக்கு எது யாருக்கு வைத்தது என்று எப்படித் தெரியும்? பல எலி கேக்குகளில் இருப்பது ரத்தத்தை உறைய விடாமல் செய்கிற மருந்து. தின்றது உடனே சாகாது. நாலைந்து நாள் கழித்து எங்கேயோ போய்ச் சாகும். அதைத் தின்கிற ஆந்தைக்கும் பூனைக்கும் அதில் பங்கு போகும். அணிலுக்கு மிக்சர் ஆகுமா என்று கேட்கிற வீட்டில் இந்தக் கேள்வி ஏன் வருவதில்லை?

நகரத்து ஆசாமிகள் நாம் இப்படி. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகக் கோகோ போட்டிருக்கிற விவசாயியிடம் போய் "அணில் எவ்வளவு அழகு!" என்று சொல்லிப் பாருங்கள். பழுக்கப் போகிற காயை நடுவில் ஓட்டை போட்டு, உள்ளே விதையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டுப் போவது அதுதான். அவர் கணக்கில் அணிலும் எலியும் ஒரே பக்கம்; நஷ்டப் பக்கம். சாக்லேட்டின் மூலப்பொருளை இவ்வளவு ருசித்துத் தின்கிற அணிலுக்குச் சாக்லேட் ஆகாது என்பது தனி வேடிக்கை. அது பெரும்பாலும் சதையோடு நிறுத்திக்கொள்கிறது. விதையை அரைத்துச் சர்க்கரையும் பாலும் சேர்க்கிற புத்தி நமக்குத்தான் வந்தது.

(2021 ஜூனில் மின்வெட்டுக்கு அணிலும் ஒரு காரணம் என்று அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி சொன்னபோது ஊரே சிரித்தது. சிரித்தவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவில் நாஸ்டாக் பங்குச் சந்தையையே அணில் இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறது, 1987-லும் 1994-லும். சேதாரக் கணக்கில் அணிலைக் குறைத்து எடை போடாதீர்கள்.)

இனி நம் மலைக்கு வருவோம். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு மசினகுடி தெரியும். அங்கே ரிவால்டோ என்று ஒரு காட்டானை. தும்பிக்கையில் காயம் பட்டது. பாவப்பட்ட ஜனங்கள் பழம் கொடுத்துப் பழக்கினார்கள். நல்ல எண்ணம்தான், சந்தேகமே இல்லை. யானை ஊரைச் சுற்றியே தங்கிவிட்டது. 2021 மே மாதம் பழத்தைக் காட்டியே வழிக்குக் கொண்டுவந்து, மரக்கூண்டில் அடைத்தார்கள். ஆகஸ்டில் முதுமலைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். சீக்கிரமே தன் பழைய இடத்துக்கு நடந்தே திரும்பி வந்துவிட்டது.

அதே மசினகுடியில், அதே 2021 ஜனவரியில், இன்னொரு யானை தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்தது. எரியும் டயரை அதன் தலையில் வீசினார்கள். காது வெந்து, சில நாள் துடித்து, செத்துப்போனது. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரே ஊர். ஒரு கதவைத் திறந்தால் பழம், ஒரு கதவைத் திறந்தால் தீ. எந்தக் கதவு எது என்று யானைக்கு எப்படித் தெரியும்?

எனக்கு இதுதான் இந்த விஷயத்தின் முடிச்சாகப் படுகிறது. நாம் ஒரு காட்டு உயிருக்குக் கையில் வைத்து ஊட்டும்போது, 'நான் நல்லவன்' என்று மட்டும் அதற்குச் சொல்வதில்லை. 'மனுஷர்கள் நல்லவர்கள்' என்று சொல்கிறோம். அதற்கு நம்மைத் தனியாகப் பெயர் சொல்லித் தெரியாது. இரண்டு கால் தெரியும், நீட்டிய கை தெரியும். அடுத்த வீட்டுக்காரர், தெருமுனைப் பையன், அவன் கையிலிருக்கும் உண்டிவில், எல்லார் சார்பாகவும் நாம் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறோம். அடுத்தவர் அக்கவுன்ட்டில் செக் எழுதுகிற வேலை. அது பவுன்ஸ் ஆனால் அபராதம் கட்டுவது நாமல்ல, அணில்.

இன்னொன்று, நாம் இல்லாத நாள். சென்னை ராயப்பேட்டையில் கேமரா ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஜோசப் சேகரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். மொட்டை மாடியில் பலகை அடித்து, ஊறவைத்த அரிசி வைப்பார். ஆயிரக்கணக்கில் பச்சைக்கிளிகள் வந்து இறங்கும். பார்த்தவர்கள் யாரும் வாய் பிளக்காமல் இருந்ததில்லை. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. மரியாதைக்குக் காரணம் கிளிகள் அல்ல, அவர் தவறாமல் வைத்தது. ஆயிரம் பேருக்கு இலை போட்ட பிறகு 'இன்றைக்கு எனக்கு முடியலை' என்று சொல்ல முடியுமா? 2020 மார்ச்சில் தாய்லாந்தின் லோப்புரி நகரத்தில் அதுதான் நடந்தது. கொரோனாவால் சுற்றுலாப் பயணிகள் வரவில்லை. அவர்கள் கையை நம்பியே வளர்ந்த நூற்றுக்கணக்கான குரங்குகள் சாப்பாட்டுக்காக நடுரோட்டில் கூட்டமாக மோதிக்கொண்டன. கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. டிக்கெட் கேன்சல் ஆனவர்கள்.

இங்கிலாந்தில் தோட்டத்தில் பறவைகளுக்குத் தீனி வைக்கிற பழக்கம் பரவலானது. அங்கே 2005 வாக்கில் கிரீன்ஃபிஞ்ச் என்கிற குருவிகளிடம் ஒரு தொண்டை நோய் பரவியது. ஒரே தட்டில் எல்லாம் கூடித் தின்றது அதற்கு வசதியாகப் போயிற்று. 2021-ல் அந்தக் குருவியை ஆபத்துப் பட்டியலில் சிவப்புக் கட்டத்தில் சேர்த்தார்கள். தட்டைக் கழுவாமல் அதன் மேலேயே தினமும் தீனி கொட்டுகிறவர்கள் நம் ஊரிலும் நிறைய உண்டு.

அப்படியானால் யாரும் எதுவும் வைக்கக் கூடாதா? 'காட்டு உயிரைத் தொடாதே, பார்க்காதே, இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு என்னால் முழுக்கச் சேர முடியவில்லை. திருச்சி ரோட்டின் பழைய புளிய மரங்கள் போய்விட்டன. மில் குவார்ட்டர்ஸின் வேம்புகள் போய் அபார்ட்மென்ட் வந்துவிட்டது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, கடைசியில் வந்து நிற்கிற அணிலிடம் 'இயற்கையாக வாழ்' என்று உபதேசம் செய்தால் அது எந்த ஊர் நியாயம்? கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனுக்குச் சிக்கனம் போதிக்கிற கதை.

கடன்தான் இது. தர்மம் என்று நினைத்தால்தான் நம் இஷ்டத்துக்கு மிக்சர் வைக்கத் தோன்றும். கடன் என்றால், வாங்கியதைத்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்? எடுத்தது மரம் என்றால் கொடுக்க வேண்டியதும் மரம். சிங்காநல்லூர்க் குளத்தை 2017-ல் மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. அந்தக் கரைப்பக்கம் ஒரு காலை நேரம் நடந்து பாருங்கள். அங்கே யாரும் பந்தி வைக்கவில்லை. மரமும் தண்ணீரும் இருக்கின்றன. மற்றதை அதுகள் பார்த்துக்கொள்கின்றன.

பெரியவரிடம் நான் இவ்வளவு நீட்டவில்லை. "ஐயா, மருமக சொன்ன வார்த்தை கடுசு. ஆனா சொன்ன விஷயம் சரிதானுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. "அப்போ நாலு மணிக்கு நான் என்ன பண்றதுங் தம்பி?" என்றார்.

இந்தக் கேள்விக்கு எந்த அணில் ஆராய்ச்சியிலும் பதில் கிடையாது. ஏனென்றால் இது அணிலைப் பற்றிய கேள்வியே இல்லை. அந்த வீட்டில் நாலு மணிக்குப் பசித்திருந்தது அணிலுக்கு அல்ல. நூறு கிராம் உயிரின் தலையில் இறக்கி வைக்கக்கூடிய பாரமா அது? மருமகளுக்கு என் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். அவர் பேசியபோது சொன்னேன்: "அம்மா, உப்பைத் தடுத்துட்டீங்க, ரொம்ப நல்லது. அந்த நாலு மணி டீயை இனிமே நீங்களும் கூட உக்காந்து குடிச்சா என்ன?" சிரித்தார். கொய்யாவைப் பறிக்காமல் பாதியை மரத்திலேயே விட்டுவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறதாம். அணில் தன் பாட்டுக்கு ஏறித் தின்னும். பெரியவர் தன் பாட்டுக்குப் பார்ப்பார். கைக்கு வருவது கொஞ்ச நாளில் நின்றுபோகலாம். அது அவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்கும் அணில் வருகிறது, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுக்கிறதா? பத்து நாள் நீங்கள் ஊருக்குப் போனால் அது பட்டினி கிடக்குமா என்று யோசியுங்கள். கிடக்கும் என்றால் ஏற்கெனவே அளவு மீறியாயிற்று. சட்டென்று நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். மதிலடியில் எலி கேக் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிட்டு எலிப்பொறி வையுங்கள். அணில் விழுந்தாலும் திறந்துவிடலாம். சித்திரை வெயிலில் தண்ணீர் வைப்பதில் எந்தத் தர்க்கமும் வேண்டாம், தாராளமாக வையுங்கள். அகலமான மண் சட்டி, இரண்டு விரற்கடை ஆழம் போதும்; உள்ளே ஒரு கல் போட்டு வைத்தால் தவறி விழுகிற குட்டி ஏறிக்கொள்ளும். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும், கொசு வரும். பூனை பதுங்க முடியாத வெட்டவெளியாகப் பார்த்து வையுங்கள். மறைவாக வைத்தால் பூனைக்குத்தான் பந்தி.